பழைய எட்சிங், அக்வாடின்ட் படத்தில் பழுது தெரிந்தால் எங்கிருந்து தொடங்குவது?

பாரிஸில் படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு சிறு பட்டறையில் வேலை செய்கிறேன். பழுதாகி எங்கள் மேசைக்கு வருவனவற்றில் பெரும்பங்கு, 1950களிலும் 60களிலும் இதே நகரத்தில் அச்சான அரூப எட்சிங், அக்வாடின்ட் படங்கள். செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்சிடுவது எட்சிங்; அதே முறையில் நிழற்பரப்புகளை உண்டாக்குவது அக்வாடின்ட். போர் முடிந்து ஓவியர்கள் மறுபடி செப்புத் தகட்டைக் கையில் எடுத்த காலம் அது. மோன்மார்த்ரில் ரோஜே லாகூரியேரின் அச்சுக்கூடத்தில் அரூப ஓவியர் பியேர் சூலாஜ் 1951-ல் தம் முதல் தகடுகளை அமிலத்தில் இட்டார். போரின்போது நியூயார்க் போயிருந்த அச்சுக் கலைஞர் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் 1950-ல் திரும்பி வந்து ‘அத்தலியே 17’ பட்டறையை மீண்டும் பாரிஸில் நடத்தினார். சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்த கிருஷ்ணா ரெட்டி, ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஏற்றி ஒரே முறையில் அச்சிடும் வித்தையை அந்தப் பட்டறையில்தான் வளர்த்தெடுத்தார்.

அன்று வாங்கி மாட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று “கறை படிந்துவிட்டது, துடைத்துக் கொடுங்கள்” என்று படத்தைக் கொண்டுவருகிறார்கள். கறை முன்பக்கம் தெரிகிறது. அதை உண்டாக்கியது பத்தில் ஏழெட்டு முறை பின்பக்கத்து அட்டையும் பலகையும் ஒட்டு நாடாவும்தான். அதனால் எந்தப் பழுதாக இருந்தாலும் நான் முதலில் சட்டத்தின் முதுகைத்தான் திறக்கிறேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

திறக்கும் முன்

சுத்தமான மேசையில் மெல்லிய துணி விரித்து, கண்ணாடி கீழே இருக்கும்படி சட்டத்தைக் கவிழ்த்து வையுங்கள். கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டால் போதும். பருத்திக் கையுறை வேண்டாம், தாளின் ஓரம் அதில் மாட்டிக் கிழியும். முதுகில் ஒட்டிய காகிதத்தை அறுக்கும் முன் ஒரு புகைப்படம் எடுங்கள். காட்சிக்கூடத்தின் சீட்டு, ஏலக்கடை முத்திரை, பென்சிலில் எழுதிய எண் எதுவானாலும் அது படத்தின் வரலாறு. அறுத்து எடுத்தாலும் தூக்கிப் போடாதீர்கள். ஆணிகளைக் குறட்டால் மெல்லப் பிடுங்கிப் பலகையை அகற்றுங்கள். மவுண்ட் அட்டையோடு (படம் தெரியும்படி நடுவே சாளரம் வெட்டி, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே வைக்கும் அட்டை) படத்தை ஒன்றாகத் தூக்குங்கள். தாள் எங்கேயாவது இழுத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படங்கள் தட்டையானவை அல்ல. நனைத்த தாளைத் தகட்டின் மேல் வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தியபோது, தாள் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கி மையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. கோடுகள் விரல்நுனிக்குத் தட்டுப்படும்படி எழுந்து நிற்கும். தகட்டின் விளிம்பு தாளைச் சுற்றி ஒரு பள்ளத் தடம் போட்டிருக்கும். சூலாஜின் சில தகடுகளை அமிலம் ஓட்டையாகும் வரை தின்றிருக்கிறது. அந்த இடத்தில் மையில்லாத வெள்ளைத் தாள் புடைத்து நிற்பது படத்தின் ஓர் அங்கம். ஆகவே தேய்ப்புப் பெட்டியை எடுக்காதீர்கள். கனமான புத்தகங்களை அடுக்கி அழுத்தாதீர்கள். அப்படித் தட்டையான புடைப்பை எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது.

பழுது 1: மவுண்டின் சாளரத்தை ஒட்டிச் சுற்றிலும் பழுப்புக் கோடு

மிக அதிகம் வருவது இதுதான். மவுண்டைத் தூக்கினால் படத்தைச் சுற்றி மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத்தில், தேநீர் சிந்திக் காய்ந்த ஓரம்போல ஒரு கோடு இருக்கும்.

*கோடு தாளில் இருக்கிறதா, மவுண்டின் நிழலா?* சந்தேகமாக இருந்தால் மவுண்டை ஒரு சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். கோடும் நகர்ந்தால் தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

*மவுண்ட் அமிலத்தன்மை உள்ளதா?* சாய்வாக வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய அந்த வெட்டு, காய்ந்த எலுமிச்சைத் தோல் நிறத்துக்குப் போயிருந்தால் அது மரக்கூழ் அட்டை. உறுதிப்படுத்த ஓவியப் பொருள் கடைகளில் அமிலம் சோதிக்கும் பேனா கிடைக்கும். அட்டையின் உள்பகுதியில் சின்னக் கோடு போடுங்கள். ஊதாவாக நின்றால் நல்லது, மஞ்சளானால் அட்டையை மாற்றுங்கள். பேனாவை அட்டையில் மட்டும் பயன்படுத்துங்கள். ஒருமுறை ஒருவர் படத்தின் ஓரத்திலேயே சோதித்துவிட்டுக் கொண்டுவந்தார். அந்த மஞ்சள் கோடு இன்றும் அதில் இருக்கிறது.

*மவுண்ட் நல்லதுதான், கோடு இருக்கிறதே?* முந்தைய சட்டத்தின் மிச்சமாக இருக்கும். இப்போதைய சாளரத்துக்கும் கோட்டுக்கும் இடையே இடைவெளி இருந்தால் இதுதான் காரணம். அது இனி வளராது.

நீங்கள் செய்யக்கூடியது, முழுப் பருத்தி மவுண்டாக மாற்றுவது. புதிய சாளரத்தைச் சற்றுச் சிறிதாக வெட்டினால் கோடு மறைந்துவிடுமே என்று ஆசை வரும். தகட்டுத் தடத்தையும் பென்சில் கையொப்பத்தையும் மறைக்காமல் அது முடியுமென்றால் செய்யுங்கள். முடியாதென்றால் கோடு தெரிந்தாலும் பரவாயில்லை என்பது என் கருத்து. தடம் மறைந்த எட்சிங், கரை மடித்துத் தைத்த பட்டுப்புடவையைப் போன்றது.

கோட்டையே போக்க வேண்டுமென்றால் தாளைத் தண்ணீரில் அலசிக் காய வைக்க வேண்டியிருக்கும். அது தாள் பராமரிப்பு நிபுணரின் வேலை.

பழுது 2: படத்துக்குக் குறுக்கே வரிவரியாகவோ, கண் வடிவிலோ பழுப்பு

வாடிக்கையாளர்கள் இதைப் பூஞ்சணம் என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். படத்தைத் திருப்பி வைத்து, பின்பலகையைப் பக்கத்தில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிடும்.

*சம இடைவெளியில் நேர்கோடுகள்:* பின்னால் நெளி அட்டை வைத்திருக்கிறார்கள். அட்டையின் ஒவ்வொரு நெளியும் தாளில் ஒரு வரியைப் பதித்திருக்கிறது.

*நீள்வட்டக் கண், அதைச் சுற்றி அலையலையான ரேகை:* பின்னால் மரப்பலகை. இப்படி ஒரு படம் சென்ற குளிர்காலத்தில் வந்தது. சாம்பல் நிற அக்வாடின்ட். நடுவே இரண்டு கறுப்புப் பட்டைகள். வலது மேல் மூலையில் ஒரு பழுப்பு வட்டம். வீட்டிலுள்ளவர்கள் அதை ஓவியர் வைத்த சூரியன் என்றே இத்தனை ஆண்டுகளும் நினைத்திருக்கிறார்கள். பலகையைக் கழற்றி, படத்தின் முதுகோடு பொருத்திக் காட்டினேன். பலகையில் பிசின் கசிந்த கணு, தாளில் அந்த வட்டம், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. கணுவைச் சுற்றிய மரவரிகூடத் தாளில் மங்கலாக இறங்கியிருந்தது. அந்தக் குடும்பத்துப் பாட்டி சிறிது நேரம் பேசவே இல்லை.

*பலகைக்கும் கறைக்கும் பொருத்தமில்லை:* கறைக்கு அலையலையான, அடர்ந்த விளிம்பு இருந்தால் எப்போதோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. சட்டத்தின் கீழ்க்கட்டையைத் தொட்டுப் பாருங்கள். மரம் உப்பியிருக்கும், ஆணி துருப்பிடித்திருக்கும். சுவரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் அதே இடத்தில் மறுபடி மாட்டாதீர்கள்.

பலகையை அன்றைக்கே நீக்கி, அமிலமில்லாத பின்னட்டை வையுங்கள். அதற்கு ஆகும் செலவு குறைவு. கறை மேலும் ஆழமாவது அதோடு நிற்கும். வரியும் கணுவும் தாளின் முன்முகம் வரை வந்திருந்தால் நிபுணரிடம் போகலாம். ஆனால் முழுவதும் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நல்ல நிபுணர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

பழுது 3: சிதறிய பழுப்புப் புள்ளிகள்

துருத்தூள் தெளித்ததுபோல, விளிம்பு மங்கிய சிறு புள்ளிகள். இவை தாளுக்குள்ளிருந்து வருகின்றன. ஈரம்தான் கிளப்பிவிடுகிறது.

மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். நிலவறை வாடை அடித்தாலோ, சாய்வெளிச்சத்தில் வெள்ளைப் பஞ்சு இழைகள் எழுந்து நின்றாலோ பூஞ்சணம் உயிரோடு இருக்கிறது. முகக்கவசம் போடுங்கள், ஊதாதீர்கள், படத்தை மற்றத் தாள்களிடமிருந்து பிரித்து, காற்றோட்டமுள்ள உலர்ந்த அறையில் வையுங்கள். வெயிலில் வைக்கக் கூடாது. அதற்குப் பிறகு நிபுணரைக் கூப்பிடுங்கள்.

வாடையும் இழையும் இல்லையென்றால் அது பழைய கதை. படம் தொங்கிய சுவரைப் பாருங்கள். வெளிச்சுவரா, மறுபக்கம் குளியலறையா, சட்டத்தின் முதுகு சுவரோடு ஒட்டிக் காற்றே போகாமல் இருந்ததா? ஒரு ஈரப்பதமானி வாங்கி ஒரு வாரம் அங்கே வையுங்கள். 40 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. அடிக்கடி 65-ஐத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள். சென்னையிலோ கொழும்பிலோ உள்ளவர்களுக்கு மழைக்காலத்தில் இந்த எண் எட்டாக்கனி. உட்சுவரில் மாட்டி, சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டிச் சுவரிலிருந்து சற்று விலக்கி வைத்தாலே நிறையப் பயன் உண்டு.

வெளுப்பு மருந்தைப் பஞ்சில் தொட்டுப் புள்ளி மேல் வைக்கச் சொல்லும் யோசனைகள் நிறையச் சுற்றுகின்றன. புள்ளி போகும். அந்த இடம் சுற்றியுள்ள தாளைவிட வெள்ளையாகப் பளிச்சிடும். சில ஆண்டுகளில் அங்கே தாள் உதிரவும் தொடங்கும்.

பழுது 4: தாள் அலையலையாக எழும்புகிறது

நாலு பக்கமும் நாடா போட்டு இறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அலைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பருத்தித் தாள் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். நாலு பக்கமும் கட்டிப்போட்டால் நடுவில்தான் எழும்ப வேண்டும். பாரிஸில் இது குளிர்காலத்தில், வெப்பமூட்டிக்கு மேலே மாட்டிய படங்களில் அதிகம் தெரியும்.

மேல் ஓரத்தில் இரண்டு இடங்களில் மட்டும், ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையில் ஒட்டித் தொங்கவிடுவதுதான் சரியான முறை. கீழே தாள் சுதந்திரமாக இருக்க வேண்டும். நாடா ஒட்டியிருந்தால் அதைப் பிய்க்காமல் அடுத்த பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

நாடாவே இல்லாமல் அலை இருந்தால், சட்டத்தைத் திறந்த நிலையில், தூசி படாமல், இரண்டு மூன்று நாள் சமமான ஈரமுள்ள அறையில் கிடத்துங்கள். பாதி அலை தானாக அடங்கும். மிச்சத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். தகட்டுத் தடத்தை ஒட்டி எப்போதும் ஒரு மெல்லிய அலை இருக்கும். அச்சிட்ட நாளிலிருந்தே இருப்பது அது, பழுதில்லை.

அலையின் உச்சி கண்ணாடியைத் தொடுகிற அளவுக்கு இருந்தால் நிபுணரிடம் கொடுங்கள். புடைப்பு நசுங்காமல் ஈரம் காட்டிக் காயவைக்க அவர்களுக்கு வழி தெரியும்.

பழுது 5: ஒட்டு நாடா, மஞ்சள் பசை

நாடாவின் நிலையைப் பொறுத்தே எல்லாம். பளபளப்பு இன்னும் இருந்து, பசை பிசுபிசுத்தால் இது அவசரம்: பசை தாளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மாதத்துக்குள் நிபுணரிடம் காட்டுங்கள். நாடா தானாக உதிர்ந்து பழுப்புக் கறை மட்டும் மிஞ்சியிருந்தால் அவசரமில்லை. பசை கெட்டிப்பட்டுவிட்டது, அதை எடுப்பது கடினம், செலவும் அதிகம். காகித நாடாவாக இருந்து, ஓரத்தில் ஒரு துளித் தண்ணீர் பட்டதும் பசை இளகினால் அது பழைய கோந்து. மற்றவற்றைவிட எளிதில் வந்துவிடும். அதையும் கையொப்பத்துக்கு அருகில் நீங்களே முயல வேண்டாம்.

நிபுணரிடம் போகும் வரை நாடாவை அப்படியே வையுங்கள். மேலே தொங்கும் பகுதியைக் கத்தரித்துத் தாளை மவுண்டிலிருந்து விடுவித்தால் போதும்.

பழுது 6: கறுப்பு வெளிறிச் சாம்பல் பூத்திருக்கிறது

அரூப அக்வாடின்டில் கறுப்புதான் உயிர். மரப்பிசின் தூளைத் தகட்டில் தூவிச் சூடாக்கி, துகள்களுக்கு இடையே அமிலத்தை மறுபடி மறுபடி கடிக்க விட்டு உண்டாக்கிய கறுப்பு அது. அதனால் இந்தப் பழுதில் அவசரமே கூடாது.

*கண்ணாடியைத் தனியாக எடுத்து, கறுப்புத் துணியின் மேல் வைத்துப் பாருங்கள்.* உள்பக்கத்தில் படத்தின் வடிவிலேயே ஆவி படர்ந்ததுபோல ஒரு மங்கல் படிந்திருக்கிறதா? மையிலிருந்தும் தாளிலிருந்தும் பல ஆண்டுகளாக வெளியேறியவை கண்ணாடியில் படிந்த படலம். கண்ணாடியைப் படத்திலிருந்து தள்ளி எடுத்துப்போய்க் கழுவி, முழுவதும் காய்ந்தபின் பொருத்துங்கள். கறுப்பு திரும்பி வந்துவிடும். அந்தக் கணத்தைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையில் இருக்கிறேன் என்று சொல்வேன்.

*கண்ணாடி சுத்தம், கறுப்பின் மேலேயே வெள்ளைப் படலம்:* பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பாருங்கள். நல்ல அக்வாடின்டில் கறுப்பு வலைப்பின்னல்போல ஓடி, நடுநடுவே ஊசிமுனை அளவுக்கு வெள்ளைத் தீவுகள் ஒழுங்கில்லாமல் தெரியும். அந்தத் தீவுகள் படத்துக்கே உரியவை. வலைப்பின்னலின் மேல் மெல்லிய இழைகள் ஓடினால் பூஞ்சணம். மூன்றாம் பழுதுக்குப் போங்கள். (ஒழுங்கான வட்டங்களாகப் பூப்போல அடுக்கிய வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் கையில் இருப்பது எட்சிங்கே இல்லை, ஆஃப்செட் அச்சு நகல்.)

*ஓரிடத்தில் மட்டும் பளபளப்பு:* சாய்வெளிச்சத்தில் கறுப்பின் ஒரு பகுதி மெருகேற்றிய காலணிபோல மின்னினால், யாரோ தேய்த்திருக்கிறார்கள், அல்லது கண்ணாடி உரசியிருக்கிறது. எழுந்து நின்ற மை படுத்துவிட்டது. இதற்குச் சிகிச்சை இல்லை. பென்சிலாலோ மையாலோ நிரப்பக் கூடாது. மேலும் உரசாமல், கண்ணாடிக்கும் தாளுக்கும் மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி தரும் தடித்த மவுண்டைப் போடுங்கள். கிருஷ்ணா ரெட்டியின் படங்களைப் போல மை தடித்து அடுக்கடுக்காக நிற்பவற்றுக்கு இடைவெளியை இன்னும் கூட்டுவேன்.

*கறுப்பு சரி, வண்ணங்கள்தான் மங்கல்:* மவுண்டுக்கு அடியில் மறைந்திருந்த வண்ணம் ஏதும் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் வெளிச்சம் தின்றிருக்கிறது. போன வண்ணம் போனதுதான். சன்னலுக்கு எதிர்ச்சுவரைக் கைவிட்டு, 50 லக்ஸை (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டாத நிழலில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியோடு மாட்டுங்கள்.

இவை பழுதல்ல, அல்லது சிறு பழுது

கறுப்பைச் சுற்றியும் தாளின் முதுகிலும் மஞ்சள் நிழல் இருந்தால் அது மையிலிருந்த ஆளிவிதை எண்ணெய் ஊறியது. விட்டுவிடுங்கள். ஓரங்கள் பிசிறாக இருப்பது தாள் செய்த அச்சின் ஓரம்; ஒருபோதும் வெட்டி நேராக்காதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆர்ஷ் அல்லது ரீவ் என்ற தாள் பெயர் நீர்க்குறியாகத் தெரியலாம், அதுவும் படத்தின் சொத்து.

தாளின் மேல்தோல் சுரண்டியதுபோல மெலிந்து, ஒழுங்கற்ற தீவுகளாக இருந்தால், புத்தக அலமாரியில் வெள்ளியாய் மின்னி ஓடும் ராமபாணப் பூச்சியின் வேலை. சட்டத்தின் மூலைகளைத் தூரிகையால் சுத்தம் செய்து, முதுகை இடைவெளியில்லாமல் காகிதத்தால் மூடுங்கள். ஓட்டையை அடைப்பது நிபுணரின் பாடு.

பழுது 7: தகட்டுத் தடமே தெரியவில்லை, தாள் அட்டைபோல விறைப்பாக இருக்கிறது

விளக்கை மேசையோடு தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். தடம் மங்கலாகவாவது தெரிந்தால், ஒருகாலத்தில் யாரோ அழுத்தித் தட்டையாக்கியிருக்கிறார்கள், அதோடு போகட்டும். தடம் அடியோடு இல்லாமல், தாளின் மூலையைத் தூக்கினால் அட்டையும் சேர்ந்து வந்தால், சூட்டில் உருகும் பசைத்தாளை வைத்து அட்டையோடு ஒட்டிவிட்டார்கள். நான் பார்த்த பழுதுகளில் சரிசெய்ய அதிகம் செலவாவது இது. பிரித்தெடுக்கப் பல நாள் ஆகும், எல்லாமே திரும்பாது. மூலையை நகத்தால் நெம்பிப் பார்க்காதீர்கள். தாள் இரண்டு படலமாகப் பிளந்துவிடும். மதிப்பீடு கேட்டு, படத்தின் மதிப்போடும் உங்கள் பாசத்தோடும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

பழுது 8: படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது

மவுண்ட் இல்லாமல் நேரடியாகக் கண்ணாடிக்கு அடியில் வைத்த படங்களில் வரும். முன்பக்கமிருந்து பார்த்தால், ஒட்டிய இடம் மட்டும் நனைந்ததுபோல அடர்த்தியாகத் தெரியும். இழுக்காதீர்கள். கத்தி, நூல், ஆவி, முடி உலர்த்தி எதுவும் வேண்டாம். இதில் நீங்கள் செய்து பார்க்கக்கூடிய எளிய வழி ஒன்றுமில்லை. சட்டத்தை மட்டும் கழற்றுங்கள். கண்ணாடி கீழே, தாள் மேலே இருக்கும்படி கெட்டியான பலகையில் வைத்து, மேலே ஒரு மெல்லிய தாளை மூடி, கண்ணாடி நகராதபடி ஓரங்களில் மட்டும் பலகையோடு கட்டி, அப்படியே படுக்கை நிலையில் நிபுணரிடம் எடுத்துப்போங்கள்.